தேடியவரும் தேடப்பட்டவரும்

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் இடையே, பழைய நெடுஞ்சாலையோரம் அமைந்துள்ளது பீடோர். கொய்யாப் பழத்திற்குப் பெயர் பெற்ற இவ்வூரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களே நிறைந்திருந்தன. தோட்டத்தில் மாடு ஒன்று காணாமற்போனால் நாலு பேர் சேர்ந்து தேடுவார்கள். ஆளுக்கொரு நிரையைப் பிரித்துக்கொண்டு, அது முடியும்வரை நடந்து, திரும்பும்போது அடுத்த நிரையில் வருவார்கள். மரங்கள் வரிசையாக நிற்பதால், பார்த்த இடம் எது, பார்க்காத இடம் எது என்ற குழப்பம் வராது. ஆனால், அதே மாடு தோட்டத்து எல்லையைத் தாண்டிக் கிழக்கே மலைக்காட்டிற்குள் நுழைந்துவிட்டால் தேடலே வேறாகிவிடும். அங்கே நிரையும் இல்லை, பாதையும் இல்லை. பத்தடி தூரத்தில் நிற்பதுகூடக் கண்ணுக்குத் தெரியாது.

பீடோருக்குக் கிழக்கே தெரியும் அம்மலைகள் தித்திவங்சா மலைத்தொடரைச் சேர்ந்தவை. வானிலிருந்து பார்ப்பவருக்கு அக்காடு விரித்த பச்சைப் பாய்போல் தோன்றும். பாய்க்கு அடியில் என்ன கிடக்கிறது என்பதை மேலிருந்து சொல்ல இயலாது. காணாமற்போன விமானத்தைத் தேடுவது ஏன் கடினம் என்பதை உணர இந்த மலைகளைப் பார்த்தாலே போதும். இத்தகைய ஒரு மலைக்காட்டில் தம் நிறுவனத்தின் பயணிகள் விமானத்தைத் தொலைத்துவிட்டுத் தேடி அலைந்தவர் ஒருவர் இருந்தார். அதற்கு முன்பு அவரே ஒருமுறை காணாமற்போய்ப் பிறரால் தேடப்பட்டவர். இறுதியில், சிங்கப்பூரை நோக்கி வரும் வழியில் மீண்டும் காணாமற்போனார். அவர்தாம் ஆஸ்திரேலிய விமானி சார்லஸ் கிங்ஸ்போர்ட் ஸ்மித்.

அவர் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் பிரிஸ்பன் நகரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தையார் வங்கியில் பணிபுரிந்தவர். குடும்பம் சில ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்துவிட்டுச் சிட்னிக்குத் திரும்பியது. திரும்பிய சில நாள்களிலேயே, பத்து வயதுகூட நிரம்பாத அச்சிறுவனைப் போண்டாய் கடற்கரையில் அலை இழுத்துச் சென்றது. கரையிலிருந்தவர்கள் கயிற்றின் துணையோடு நீந்திச் சென்று மீட்டனர். கடலின் பிடியிலிருந்து அவர் தப்பியது அதுவே முதன்முறை.

பதினாறு வயதில் சர்க்கரை ஆலை நிறுவனம் ஒன்றில் மின்பொறியியல் பயிலுநராகச் சேர்ந்தார். முதல் உலகப் போர் மூண்டதும் படையில் இணைந்தார். கலிபோலிப் போர்க்களத்தில் பணியாற்றினார். மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு செல்லும் வேலையும் பார்த்தார். 1917இல் பிரிட்டிஷ் வான்படைக்கு மாறினார். அவ்வாண்டே எதிரியின் குண்டுகள் அவரது இடக்காலில் பாய்ந்தன. பாதத்தின் ஒரு பகுதியை மருத்துவர்கள் அகற்ற வேண்டியதாயிற்று. வீரத்திற்கான இராணுவச் சிலுவைப் பதக்கம் கிடைத்தது. இருப்பினும், அவர் மனத்தில் நின்றது பதக்கமன்று, பறக்கும் ஆசையே.

போருக்குப் பின் வந்த ஆண்டுகள் எளிதாக இல்லை. விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு வேலைதான் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் அஞ்சல் விமானம் ஓட்டினார். பிறகு, நண்பர் கீத் ஆண்டர்சனுடன் சேர்ந்து லாரித் தொழில் நடத்தினார். சொந்தமாக விமானம் வாங்கப் பணம் சேர்ப்பதே அத்தொழிலின் நோக்கம். இந்த ஆண்டர்சனின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பசிபிக் பெருங்கடலை வானில் கடக்கும் கனவை இருவரும் சேர்ந்தே வளர்த்தனர். ஆனால், கனவு கைகூடும் நேரத்தில் ஆண்டர்சனுக்கு விமானத்தில் இடமில்லாமல் போயிற்று. மனக்கசப்பு வழக்குமன்றம் வரை சென்றது.

1928ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், கலிபோர்னியாவின் ஓக்லண்டிலிருந்து ‘சதர்ன் கிராஸ்’ என்னும் மூன்று இயந்திர விமானம் புறப்பட்டது. அதில் கிங்ஸ்போர்ட் ஸ்மித்தும், அவருடைய புதிய கூட்டாளி சார்லஸ் உல்மும், அமெரிக்கர் இருவரும் இருந்தனர். ஹவாயில் இறங்கி, அங்கிருந்து பீஜித் தீவுக்கு 34 மணி நேரத்திற்கும் மேலாக இடைவிடாது பறந்தனர். அத்தூரம் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். கீழே கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஜூன் 9ஆம் நாள் பிரிஸ்பனில் இறங்கியபோது, அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வானில் வந்த முதல் மனிதர்கள் என்ற பெருமை அவர்களைச் சேர்ந்தது. ‘ஸ்மித்தி’ என்ற செல்லப்பெயர் நாடெங்கும் ஒலித்தது.

புகழ் உச்சத்தை எட்டி ஓராண்டுகூட ஆகவில்லை. 1929ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் அதே விமானத்தில் ஸ்மித்தும் உல்மும் இன்னும் இருவரும் இங்கிலாந்து நோக்கிக் கிளம்பினர். புறப்பட்ட சற்று நேரத்தில், தொலைதூரச் செய்திகளைப் பெறும் வானொலிக் கம்பி அறுந்து விழுந்தது. திரும்பி வந்து சரிசெய்திருக்கலாம். அவர்கள் தொடர்ந்து பறந்தனர். வடமேற்கு ஆஸ்திரேலியாவில் கடும் மழை. வழி தவறியது, எரிபொருளும் தீரும் நிலை. மனித நடமாட்டமே இல்லாத ஓர் ஆற்று முகத்துவாரத்தின் சேற்றுநிலத்தில் விமானத்தை இறக்கினர்.

அதன்பின் நடந்தவை தேடலின் இயல்பை நமக்கு நன்கு காட்டுகின்றன. அவர்களிடமிருந்த வானொலியால் செய்தியைக் கேட்க முடிந்தது, அனுப்ப முடியவில்லை. விமானம் பறக்கும்போது காற்றில் சுழன்று மின்சாரம் தரும் கருவி, தரையில் நின்றபோது பயனற்றுப் போயிற்று. நாடே தங்களைத் தேடுவதை அறிந்தும் தாங்கள் இருக்கும் இடத்தை அவர்களால் சொல்ல இயலவில்லை. உணவு என்று சொல்லும்படி ஏதுமில்லை. விமானத்தில் கிடந்த குழந்தை உணவையும் சேற்றில் பொறுக்கிய நத்தைகளையும் தின்று நாளைக் கழித்தனர். சிட்னி மக்கள் நன்கொடை திரட்டி, ‘கன்பெரா’ என்ற விமானத்தை வாடகைக்கு எடுத்து அனுப்பினர். ஏப்ரல் 12ஆம் நாள் அதன் விமானி அவர்களைக் கண்டுபிடித்தார். நால்வரும் உயிருடன் மீண்டனர்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மகிழ்ச்சியே. தேடப் புறப்பட்டவர்களில் கீத் ஆண்டர்சனும் இருந்தார். வழக்கு, மனக்கசப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பாப் ஹிட்ச்காக் என்ற இயந்திர வல்லுநரை உடன் அழைத்துக்கொண்டு, ‘கூக்கபரா’ என்ற சிறிய விமானத்தில் அவர் பாலைநிலத்தின் குறுக்கே பறந்தார். அவர்களிடம் வானொலி இல்லை. தண்ணீரும் மிகக் குறைவு. ஏப்ரல் 10ஆம் நாள் ஆலிஸ் ஸ்பிரிங்சிலிருந்து கிளம்பிய விமானம் இயந்திரக் கோளாற்றால் தானாமி பாலைவனத்தில் இறங்கியது. இயந்திரத்தைச் செப்பனிட்டும், புதர் மண்டிய மணலில் ஓடி மேலெழ முடியவில்லை. எரிக்கும் வெயிலில் இருவரும் தாகத்தால் மடிந்தனர். நடந்ததை ஆண்டர்சன் விமானத்தின் வாற்பகுதித் துணியில் எழுதி வைத்திருந்தார். அவர்கள் தரையிறங்கிய இரண்டாம் நாளே, அவர்கள் தேடிச் சென்றவர்கள் மீட்கப்பட்டுவிட்டனர். அச்செய்தியை அறிய அவர்களுக்கு வழியில்லை. ஏப்ரல் 21ஆம் நாள்தான் மற்றொரு தேடல் விமானம் கூக்கபராவைக் கண்டது.

நாட்டு மக்களின் அன்பு ஒரே வாரத்தில் கோபமாக மாறியது. விளம்பரத்திற்காக வேண்டுமென்றே ஒளிந்துகொண்டார்கள் என்றுகூடச் சிலர் பழி கூறினர். அரசு விசாரணைக் குழு அப்பழியை ஏற்கவில்லை. ஆயினும், விமானத்தின் எண்ணெயை எரித்துக் கரும்புகை எழுப்பியிருக்கலாமே என்ற கேள்வி விசாரணையில் எழுந்தது. நியாயமான கேள்விதான். தேடுபவரின் கண்ணுக்குத் தேடப்படுபவர் உதவ வேண்டும். ஒரு புகைக்கோடு பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து தெரியும், விமானம் தெரியாது. பசியிலும் சோர்விலும் இருந்த நால்வருக்கும் அது தோன்றாமற்போனது வியப்பன்று. ஆனால், அந்தப் புகை முதல் நாளே எழுந்திருந்தால் ஆண்டர்சன் புறப்பட வேண்டிய தேவையே இருந்திராது என்ற எண்ணத்தை ஸ்மித்தால் தவிர்த்திருக்க முடியுமா?

கூக்கபராவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. பாலைவனத்திலேயே விடப்பட்ட அந்த விமானத்தை, அது கிடந்த பகுதி தெரிந்திருந்தும், பின்னாளில் தேடிச் சென்றவர்களால் எளிதில் காண முடியவில்லை. 1961இல் நிலஅளவையாளர் ஒருவர் தற்செயலாக அதைக் கண்டார். பின்னர் மறுபடியும் கைக்கு எட்டாமற்போய், 1978இல்தான் அதன் எஞ்சிய பகுதிகள் மீட்கப்பட்டன.

ஸ்மித் ஓய்ந்துவிடவில்லை. உல்முடன் சேர்ந்து ஆஸ்திரேலிய தேசிய வான்வழி நிறுவனத்தைத் தொடங்கினார். 1930ஆம் ஆண்டு ஜனவரி முதல் அந்நிறுவனத்தின் ஐந்து விமானங்கள் பெருநகரங்களுக்கிடையே பயணிகளை ஏற்றிச் சென்றன. வானம், மேகம், நிலவு, கதிரவன், விண்மீன் என ஒவ்வொன்றுக்கும் விண்ணைச் சார்ந்த பெயர். பயணிகள் விமானச் சேவை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. அவ்வாண்டு அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்தார்; டிசம்பரில் மேரி பவல் என்ற பெண்ணை மணந்தார். எல்லாம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

1931ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் காலை, ‘சதர்ன் கிளவுட்’ என்னும் தென்முகில் விமானம் சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குப் புறப்பட்டது. இரண்டு விமானிகள், ஆறு பயணிகள், ஆக மொத்தம் எட்டுப் பேர். விமானியிடம் இருந்த வானிலைக் குறிப்பு பழையது. கடுமையான சூறாவளிக் காற்று வீசப்போகிறது என்ற புதிய எச்சரிக்கை, விமானம் கிளம்பிய பிறகே வந்து சேர்ந்தது. எச்சரிக்கையை விமானிக்குத் தெரிவிக்க வழியே இல்லை. அந்த விமானத்தில் வானொலிக் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை. மாலையாயிற்று. மெல்பர்னில் விமானம் இறங்கவில்லை.

எங்கே தேடுவது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவ்வகை விமானம் மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியது. கடைசியாக அது காணப்பட்ட இடத்தைச் சுற்றி, ஒரு மணி நேரப் பறப்பு தூரத்திற்கு வட்டம் வரைந்தால், அவ்வட்டத்தின் பரப்பளவு சுமார் 80,000 சதுர கிலோமீட்டர். அது நம் பேராக் மாநிலத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. இரண்டு மணி நேரத்திற்கு வரைந்தால் பரப்பளவு இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மலேசியா முழுவதையும் கிட்டத்தட்ட அதனுள் அடக்கிவிடலாம். விமானத்தின் இறக்கை அகலமோ ஏறக்குறைய 22 மீட்டர்தான். அதுவும் உடைந்து, எரிந்து, மரங்களுக்கடியில் கிடந்தால்? விமானம் செல்லவேண்டிய பாதை தெரியும் என்பதால் முழு வட்டத்தையும் தேட வேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆனால், புயற்காற்றில் அது பாதையில்தான் சென்றது என்று யார் உறுதி கூறுவது?

இருபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் தேடலில் இறங்கின. ஸ்மித் தாமே விமானம் ஓட்டித் தேடினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பிறர் அவரைத் தேடினார்கள். இப்போது அவருடைய முறை. மலைகளுக்கு மேலே, பள்ளத்தாக்குகளுக்கு உள்ளே, மேகம் விலகிய நேரமெல்லாம் பறந்தார்கள். தரையிலிருந்தவர்களும் உதவ விரும்பினர். அன்று விமானச் சத்தத்தைக் கேட்டதாகப் பல இடங்களிலிருந்து தகவல் வந்தது. சொன்னவர்கள் பொய்யர்கள் அல்லர். காற்றின் இரைச்சலைச் சிலர் விமானமென எண்ணியிருக்கலாம். வேறு நாளில் கேட்டதைச் சிலர் அந்நாளோடு சேர்த்திருக்கலாம். எட்டு உயிர்கள் தொடர்பான செய்தியாயிற்றே என்பதால் எந்தத் தகவலையும் ஒதுக்கிவிட முடியவில்லை. ஒவ்வொன்றும் தேடுவோரை வெவ்வேறு திசைக்கு இழுத்தது. நல்லெண்ணத்தோடு தரப்படும் தவறான தகவலைப்போல் தேடலுக்கு இடையூறானது வேறில்லை என்றே தோன்றுகிறது.

இரண்டரை வாரங்களுக்கு மேல் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. தேடல் நிறுத்தப்பட்டது. காணாமற்போனோரின் குடும்பத்தினருக்கு அந்த அறிவிப்பு எப்படி இருந்திருக்கும்? இறந்துவிட்டார் என்ற செய்திக்கு அழலாம், காரியம் செய்யலாம். கிடைக்கவில்லை என்ற செய்திக்கு என்ன செய்வது? கதவு தட்டப்படும்போதெல்லாம் ஓடிச் சென்று திறப்பதைத் தவிர வேறென்ன?

பயணிகளின் நம்பிக்கை சரிந்தது. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. சில மாதங்களில் நிறுவனத்தின் அன்றாடச் சேவை நின்றுபோயிற்று. பயணிகள் விமானங்களில் வானொலி இருக்க வேண்டும் என்ற கருத்து அந்த விபத்தின் பின்னரே வலுப்பெற்றது. வெற்றுக் கையோடு திரும்பிய தேடலிலிருந்து பிறந்த பாடம் அது.

அவ்வாண்டின் இறுதியில் ஸ்மித் மலாயாவுக்கு வந்தார். கிறிஸ்துமஸ் அஞ்சலை ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லும் முயற்சியில், அவருடைய நிறுவனத்தின் ‘சதர்ன் சன்’ விமானம் அலோர் ஸ்டாரில் நவம்பர் 26ஆம் நாள் விபத்துக்குள்ளானது. மழைநீர் தேங்கிய தரையில் ஓடி மேலெழ முடியாமல் அது நொறுங்கியது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. செய்தி கேட்ட ஸ்மித், ‘சதர்ன் ஸ்டார்’ விமானத்தில் பறந்து வந்து, அஞ்சல் மூட்டைகளை அலோர் ஸ்டாரில் ஏற்றிக்கொண்டு, டிசம்பர் 16ஆம் நாள் இலண்டனை அடைந்தார். பண்டிகைக்கு முன்பே கடிதங்கள் உரியவர் கைக்குக் கிடைத்தன. அக்காலத்தில் இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் விமானங்கள் பர்மாக் கரையை ஒட்டி வந்து, மலாயாவைக் கடந்து, சிங்கப்பூரில் இறங்குவது வழக்கம். அந்த வழி ஸ்மித்துக்கு நன்கு பழக்கமானது.

1932இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக ஏழே நாள்களில் பறந்து வந்தார். 1934இல் ‘லேடி சதர்ன் கிராஸ்’ என்ற புதிய விமானத்தில் பசிபிக் கடலை எதிர்த்திசையில் கடந்தார். அவ்வாண்டு டிசம்பரில் மற்றோர் இடி விழுந்தது. பழைய கூட்டாளி உல்ம், ஹவாயை நெருங்கும் வேளையில் வழி தெரியாமல் எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கினார். அவரிடம் வானொலி இருந்தது. எரிபொருள் தீர்கிறது என்று சொல்லவும் செய்தார். ஆனால், தாம் இருக்கும் இடம் அவருக்கே தெரியவில்லை. அமெரிக்கக் கடற்படையின் கப்பல்களும் விமானங்களும் பெரும் தேடல் நடத்தின. உல்மும் அவருடன் சென்ற இருவரும் கிடைக்கவில்லை. வானொலி இருந்தால் போதும் என்றிருந்த நம்பிக்கைக்கும் அது ஓர் அடியாயிற்று.

நண்பர்கள் ஒவ்வொருவராக மறைந்த பின்பும் ஸ்மித் ஏன் பறப்பதை நிறுத்தவில்லை? பணமுடை ஒரு காரணம். பறப்பதைத் தவிர வேறு தொழில் அறியாதது மற்றொரு காரணம். 38 வயதிலேயே அவர் உடல் தளர்ந்திருந்தது. வீட்டில் மூன்று வயது நிரம்பாத மகன் இருந்தான். இன்னுமொரு வேகச் சாதனை தேவைதானா என்று இன்று நாம் எளிதாகக் கேட்டுவிடலாம்.

1935ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் அதிகாலை, துணைவிமானி டாமி பெத்திபிரிட்ஜுடன் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். மறுநாளே இந்தியாவின் அலகாபாத்தை அடைந்தார். அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, இரவோடு இரவாகச் சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கினார். நவம்பர் 8ஆம் நாள் விடியும் முன்னர், பர்மாவுக்குத் தெற்கே அந்தமான் கடலருகில் அவ்விமானம் மறைந்தது. அதே இரவில் சிங்கப்பூர் நோக்கித் தனியே பறந்துகொண்டிருந்த ஜிம்மி மெல்ரோஸ் என்ற இளம் விமானி, தம்மைக் கடந்து சென்ற விமானமொன்றின் புகைபோக்கியிலிருந்து நெருப்புக் கீற்று தெரிந்ததாகச் சொன்னார். கடைசியாகக் கிடைத்த தடயம் அது ஒன்றே.

சிங்கப்பூரில் காத்திருந்தவர்களுக்கு விமானம் வரவில்லை. மீண்டும் தேடல் தொடங்கியது. சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் வான்படை விமானங்கள் வடக்கே விரைந்தன. இம்முறை தேட வேண்டியது காட்டை மட்டுமன்று. கடலையும் தேட வேண்டியிருந்தது. காட்டில் விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்கும். கடலில் விழுந்ததில் கனமானது அடியில் போகும்; மிதப்பது நீரோட்டத்தோடு நகரும். இன்று தேடி முடித்த நீர்ப்பரப்பிற்கு நாளை ஒரு துண்டு மிதந்து வந்து சேரலாம். பார்த்த நிரை, பார்க்காத நிரை என்ற கணக்கே கடலில் செல்லாது. நீருக்கு மேலே வெள்ளலைகள் வேறு. ஒவ்வொரு நுரையும் உடைந்த இறக்கைபோல் கண்ணை ஏமாற்றும். தேடல் பலனின்றி முடிந்தது.

ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கடந்தது. 1937ஆம் ஆண்டு மே மாதம், பர்மாவின் தென்கிழக்குக் கரைக்கு 3 கிலோமீட்டர் அப்பால் உள்ள ஆயி தீவில், உள்ளூர் மீனவர்கள் ஒரு விந்தையான பொருளைக் கண்டனர். அது விமானமொன்றின் சக்கரக்கால். சக்கரத்தின் டயரில் காற்று இன்னும் இறங்காமல் இருந்தது. அந்தக் காற்றுதான் அதை மிதக்க வைத்துக் கரை சேர்த்தது. விமானத்தைச் செய்த லாக்ஹீட் நிறுவனம், அது லேடி சதர்ன் கிராஸ் விமானத்தின் பகுதியே என்று உறுதி செய்தது. சக்கரக்காலில் ஒட்டி வளர்ந்திருந்த கடற்பாசியைத் தாவரவியலார் ஆராய்ந்தனர். அந்தப் பாசி வளரும் ஆழத்தைக்கொண்டு, விமானம் அத்தீவுக்கு அருகிலேயே ஏறத்தாழ 27 மீட்டர் ஆழத்தில் கிடக்கலாம் எனக் கணித்தனர். அந்த ஆழத்தில் இன்றுவரை விமானத்தின் மற்றப் பகுதிகள் எவையும் உறுதியாக அடையாளம் காணப்படவில்லை. ஆற்று வண்டல் படியும் கடல் அது. வண்டலுக்கடியில் புதைந்தது கண்ணுக்கும் தெரியாது. கருவிக்கும் எளிதில் தெரியாது.

தென்முகில் விமானம் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். 1958ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் ஸ்னோவி மலைப்பகுதியில் நீர்மின் திட்டத்தில் வேலை செய்த இளம் தச்சர் ஒருவர், விடுமுறை நாளில் காட்டுக்குள் உலாவச் சென்றார். மரஞ்செடிகள் மூடிய ஒரு மேட்டில் துருப்பிடித்த உலோகத் துண்டுகள் அவர் கண்ணில் பட்டன. 27 ஆண்டுகளாக நாடு தேடிய விமானம் அது. கடுமையான எதிர்க்காற்று வேகத்தைக் குறைத்ததால், மலைகளைத் தாண்டிவிட்டோம் என்று நம்பிய விமானிகள் மேகத்தினூடே கீழே இறங்கி மலையில் மோதியிருக்க வேண்டும் என்பது வல்லுநர் கருத்து. தேடும்போது கிடைக்காதது, தேடாதவர் கண்ணில் பட்டது. அதைக் காண ஸ்மித் உயிரோடு இல்லை.

நம் நாட்டுக்கும் அத்தகைய வேதனை நேர்ந்தது. 2014ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்கிற்குப் புறப்பட்ட எம்எச்370 விமானம் தொடர்பை இழந்தது. முதலில் தென்சீனக் கடலில் தேடினார்கள். பிறகு மலாக்கா நீரிணையிலும், ஸ்மித் மறைந்த அதே அந்தமான் கடலிலும் தேடினார்கள். துணைக்கோளுடன் அவ்விமானம் பரிமாறிய சமிக்ஞைகளை ஆராய்ந்த பின்னரே, தேடல் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு நகர்ந்தது. அங்கே 120,000 சதுர கிலோமீட்டர் கடலடியைக் கருவிகளால் தேடினார்கள். 2017ஆம் ஆண்டு ஜனவரியில் அத்தேடல் நிறுத்தப்பட்டது. இதற்கிடையே 2015ஆம் ஆண்டு ஜூலையில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரியூனியன் தீவின் கரையில் அவ்விமானத்தின் இறக்கைப் பகுதி ஒன்று ஒதுங்கியது. அதில் ஒட்டியிருந்த கொட்டலசுகளை அறிவியலார் ஆராய்ந்தனர். ஆயி தீவின் சக்கரக்காலில் கடற்பாசியை ஆராய்ந்ததைப்போலவே, உயிரினங்களின் வளர்ச்சியைக்கொண்டு அது மிதந்து வந்த வழியை அறிய முயன்றனர்.

கிங்ஸ்போர்ட் ஸ்மித்தின் உருவம் ஆஸ்திரேலியாவின் பழைய இருபது டாலர் பணத்தாளில் இடம்பெற்றது. அவரது சதர்ன் கிராஸ் விமானம் பிரிஸ்பன் விமான நிலையத்தருகே பாதுகாக்கப்படுகிறது. கோலாலம்பூரிலிருந்து சிட்னிக்குச் செல்லும் பயணிகள் இறங்கும் விமான நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மீனவர்கள் கண்டெடுத்த அந்தச் சக்கரக்கால் சிட்னி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. அதோடு இணைந்திருந்த விமானம் இன்னும் தேடப்படுகிறது.